விருந்தாளி அளந்த காற்று

வடிவாம்பிகை நிலவில் இறங்கி, கனமான உடையைக் கழற்றி, கால் ஊன்றி நிற்கப் பழகுவதற்குள் அவள் முன்னால் ஒரு வாளி வெந்நீர் வந்து நின்றது. முழு வாளி. ஆவி பறந்தது.

"குளிச்சிட்டு வாங்க மேடம். மூணு நாள் பிரயாணம், ஒடம்பு கசகசன்னு இருக்கும்லா" என்றாள் வாளியைக் கொண்டு வந்த பெண்மணி. ஐம்பதைத் தொட்ட வயது, இடுப்பில் செருகிய துண்டு. பெயர் சலேத்தம்மாள், குடியிருப்பின் சமையலறை அவள் பொறுப்பு.

இங்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் என்று சென்னையில் உட்கார்ந்து விதித்ததே வடிவுதான். குடிப்பது, கழுவுவது, துடைப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். இந்த வாளியிலோ பன்னிரண்டு லிட்டராவது இருக்கும். யாருடைய தண்ணீர் என்று கேட்டாள். "சேத்து வச்சிருந்தோம்" என்று சொன்னாள் சலேத்தம்மாள். கேட்டதற்கு அது பதிலில்லை என்று வடிவுக்குத் தெரிந்தது. ஆனால் மூன்று நாள் வியர்வை. குளித்துவிட்டாள்.

அந்த இடத்தின் அலுவலகப் பெயர் தென்விளிம்புக் குடியிருப்பு. அங்கே இருந்த முப்பத்தெட்டுப் பேரும் அதைப் பனிக்குழி என்றார்கள். நிலவின் தென்முனையில் வெயிலே எட்டாத பள்ளம் ஒன்றில் உறைந்து கிடக்கும் பனியை வெட்டி எடுப்பது அவர்கள் வேலை. இதற்கு யாரை அனுப்புவது என்று நிறுவனம் எங்கெங்கோ தேடி, கடைசியில் தூத்துக்குடிப் பக்கத்து ஐஸ் பிளான்ட் ஆட்களைப் பிடித்தது. அதைப் பெரிய கண்டுபிடிப்பு போலப் பேசிக்கொண்டார்கள். அந்த ஆட்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஐஸ் எங்கிருந்தாலும் ஐஸ்தான். தவிர, கடல் ஏறி அவர்கள் தெருக்கள் போய்விட்டன. குடும்பங்கள் நாற்கரச் சாலை ஓரத்துத் தகரக் கொட்டகைகளில் ஐந்து வருடமாகக் கிடந்தன. எங்கே கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பார்கள்.

வடிவின் உத்தியோகம் கேட்பதற்கு எளிது. ஒரு குடியிருப்பில் எத்தனை பேர் உயிரோடு இருக்கலாம் என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். பனிக்குழிக்கு இப்போது முப்பத்தெட்டு. அதை எழுபது ஆக்கலாமா என்பது கேள்வி. ஆக்கலாம் என்று அவள் சொன்னால், ஏவுதளத்து விடுதியில் பெட்டி கட்டிக் காத்திருக்கும் முப்பத்திரண்டு பேர் பதினோராம் நாள் ராக்கெட் ஏறுவார்கள். எல்லாரும் இங்கே இருப்பவர்களின் மனைவி, கணவன், பிள்ளைகள்.

முன்பு வேறொரு குடியிருப்பில் மேசையில் போட்ட கணக்கை நம்பி ஆள் ஏற்றியதில் பத்தொன்பது பேர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கணக்கில் இரண்டாவது கையெழுத்து வடிவினுடையது. மேலதிகாரி கொடுத்தார், ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுப் போட்டாள். விசாரணையில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள், இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு வந்ததுதான் பத்து நாள் விதி: எண்ணில் கையெழுத்துப் போடுகிறவர் நேரில் போய், பத்து நாள் அங்கே மூச்சுவிட்டு, தன் கையால் அளந்த பிறகே போட வேண்டும். இந்த விதியின்படி வெளியே வந்த முதல் ஆள் வடிவு.

அளக்க வேண்டியது காற்றை. மனிதர்கள் விடும் மூச்சில் இருக்கும் கரியமில வாயுவைச் சலித்து எடுக்க ஒரு பெரிய இயந்திரம் உண்டு, எல்லாரும் அதைச் சல்லடை என்றார்கள். சலித்த காற்று குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போகும். அறைச் சுவரில் ஒரு திருகு இருக்கும். திறந்தால் காற்று வரும், மூடினால் அந்தக் காற்று மிச்சமாகி மற்ற இடங்களுக்குப் போகும். வடிவின் கையடக்க மீட்டர் மூவாயிரத்துக்குள் காட்டினால் நல்ல காற்று. ஐயாயிரத்தைத் தாண்டினால் தலை வலிக்கும். எட்டாயிரத்தைத் தாண்டிய இடத்தில் படுத்துத் தூங்கக்கூடாது. அந்தப் பத்தொன்பது பேரும் தூங்கியது அப்படி ஒரு இடத்தில்தான்.

முதல் நாள் மீட்டர் இரண்டாயிரத்து நானூறு காட்டியது. இரண்டாம் நாளும் கிட்டத்தட்ட அதே. கூடம், சமையலறை, பதினோரு படுக்கை அறைகள் என்று எங்கே போனாலும் மலைக்காற்று மாதிரி இருந்தது. எந்த அறைக்கு எப்போது வருவாள் என்று அவளே அட்டவணை எழுதிக் கூடத்தில் ஒட்டியிருந்தாள். சொல்லாமல் ஒருவர் அறைக்குள் நுழைவது மரியாதை இல்லை அல்லவா. அவள் போகும்போது படுக்கைகள் மடித்திருக்கும், ஆட்கள் எழுந்து நிற்பார்கள், மீட்டர் நல்ல எண்ணாகக் காட்டும்.

"ஏன் வடிவு, இவ்வளவு நல்லா இருக்கே, இன்னும் எதுக்கு ஏழு நாள்?" என்று சென்னையிலிருந்து அவள் தலைவர் நந்தகோபன் கேட்டார்.

"விதி சார்."

"சரி, விதி. ஆனா எழுபதுன்னு மனசுல வச்சுக்கலாம்ல? ஐம்பதுக்குக் கீழே ஒரு எண்ணு வந்தா அந்த இடத்துக்கு மேற்கொண்டு எதுவும் செய்ய மாட்டாங்க. புது சல்லடையும் கிடையாது, புது ஆளும் கிடையாது. தெரியும்ல?"

தெரியும். தெரிந்ததால்தான் பயமாக இருந்தது. நல்ல எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவள் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டாள். பயம் போகவில்லை.

அவள் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வாசனை. எந்த அறைக்குள் போனாலும் தைல வாசனை அடித்தது. முதலில் நம் ஆட்கள் எங்கே போனாலும் தைலம் இல்லாமல் போக மாட்டார்கள் என்று விட்டுவிட்டாள். நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் வரிசையாக நெற்றிகளைப் பார்த்தாள். அத்தனை நெற்றியும் மினுமினுத்தது. பனி வெட்டும் கொம்பையா சோற்றைப் பிசைந்தபடியே கண்ணை மூடி ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுக்காரன்.

"என்ன கொம்பையா, தலைவலியா?"

"சே, அதெல்லாம் இல்ல மேடம். சும்மா ஒரு இதுக்குத் தேச்சேன்."

மீட்டர் காற்று நன்றாக இருக்கிறது என்றது. நெற்றிகள் இல்லை என்றன. இரண்டில் ஒன்று பொய்.

அன்று மாலை சலேத்தம்மாள் தன் மகளோடு பேசிக்கொண்டிருந்தபோது வடிவு பக்கத்தில் இருந்தாள். பிரகாசி, பத்தொன்பது வயது. அப்பாவோடு ஏவுதளத்து விடுதியில் இருந்தாள். இங்கே ஒரு வார்த்தை சொன்னால் அங்கிருந்து பதில் வர மூன்று வினாடி ஆகும். அந்த மூன்று வினாடியும் சலேத்தம்மாள் வாயைத் திறந்தபடியே காத்திருந்தாள்.

"நாலு வருஷம் ஆச்சு மேடம் அவளைத் தொட்டு" என்றாள் பேசி முடித்த பிறகு. "நான் இனிமே அங்க போவ முடியாது. மூணு வருஷம் தாண்டிட்டா எலும்பு பூமியத் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ. அவ இங்க வந்தாத்தான் உண்டு."

இதைக் கெஞ்சலாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரி சொல்லிவிட்டு, வடிவின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். தட்டில் கிடந்த மீன் துண்டு டப்பா மீன்தான். ஆனால் வேறு யார் தட்டிலும் இல்லை.

ஐந்தாம் நாள் வடிவு தன் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியம் செய்தாள். கொம்பையா அறையை அட்டவணைப்படி அளந்துவிட்டு, இருந்த இரண்டு மீட்டர்களில் ஒன்றை அவனுடைய மடித்த போர்வைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள். விருந்துக்குப் போன வீட்டில் பீரோவைத் திறந்து பார்ப்பது மாதிரி கூச்சமாக இருந்தது. மறுநாள் அடுத்த முறை அளக்கப் போனபோது எடுத்து வந்து, தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அது பதிந்து வைத்த கோட்டைப் பார்த்தாள்.

அவள் அறையில் நின்றபோது இரண்டாயிரத்து முந்நூறு. அவள் வெளியேறிய கால் மணி நேரத்தில் கோடு ஏறத் தொடங்கியது. நாலாயிரம், ஐயாயிரம். எல்லாரும் படுத்திருந்த நேரத்தில் ஏழாயிரத்து எண்ணூறு. அதே உயரத்தில் மணிக்கணக்காக நின்றது. பிறகு அவள் மறுபடி வருவதாக அட்டவணையில் எழுதியிருந்த நேரத்துக்குச் சரியாக நாற்பது நிமிடம் முன்னால் விறுவிறுவென்று இறங்கியது. அவள் கதவைத் தட்டியபோது இரண்டாயிரத்து முந்நூறு.

எட்டாயிரத்துக்கு இருநூறுதான் பாக்கி. மூன்று சுவர் தள்ளி நாலு பேர் அந்தக் காற்றில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவள் குளுகுளுவென்று போர்த்திப் படுத்திருந்தாள்.

நேரே ஜெபக்கனியிடம் போனாள். அவர்தான் குடியிருப்பின் தலைவர். விசைப்படகு எஞ்சினோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவர், சல்லடைப் பக்கத்திலேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கோட்டைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போனது.

"கொம்பையா திருகை மூடியிருக்கான். வேற என்ன."

"ஏன் மூடணும்?"

ஜெபக்கனி கழுத்தைச் சொறிந்தார். "நீங்க வந்திருக்கீங்கள்லா. ஒங்க ரூமுக்குக் காத்து நல்லா வரட்டும்னு மூடியிருப்பான். நல்ல பையன். நான் கண்டிச்சு வைக்கேன்."

"நீங்க மூடலையே?"

அவர் முக்காலியிலிருந்து எழுந்து சல்லடை மூடியைத் துடைத்தார்.

"ரெண்டு சுத்துதான் மேடம்" என்றார் கடைசியில். "என் ரூமுல மட்டும். நான் பாதி நேரம் இங்கயேதான கெடக்கேன். வேற யாரும் செய்யல, எனக்குத் தெரியும்லா."

அன்றைய சாப்பாட்டு நேரத்தில் வடிவு எல்லாரையும் கூடத்தில் நிற்க வைத்துக் கேட்டாள். கோபமாகக் கேட்க நினைத்தாள், கெஞ்சலாகத்தான் வந்தது. "நான் வந்த நாளிலிருந்து தன் அறைத் திருகை மூடினவங்க யாரு? யாரையும் எதுவும் செய்ய மாட்டேன். கையைத் தூக்குங்க போதும்."

முதலில் கொம்பையா தூக்கினான். பிறகு ஜெபக்கனி. பின்வரிசையில் இரண்டு பெண்கள். சலேத்தம்மாள் கரண்டியோடு தூக்கினாள். "நீயுமா?" என்று யாரோ யாரையோ கேட்டார்கள். ஒவ்வொரு கையாக எழும்ப எழும்ப, எழுப்பியவர்களே ஒருவரை ஒருவர் திகைத்துப் பார்த்தார்கள். முப்பத்தெட்டுக் கையும் மேலே போனது. ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. தான் மட்டும்தான் ஒரு சுற்று, இரண்டு சுற்று விட்டுக்கொடுத்ததாக அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள். ஆறு பேர் இன்னும் ஒரு படி மேலே போய், ஓய்வு நேரத்தில் வெளியே நிற்கும் பனி வண்டிகளுக்குள் போய் அதிலிருக்கும் சிலிண்டர் காற்றில் படுத்திருந்தார்கள். வீட்டுக்கு ஆள் வந்தால் வீட்டு ஆண்கள் மொட்டை மாடிக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போவார்களே, அதேதான்.

"நான் போற நேரம் மட்டும் திறந்து வச்சது?"

"அது..." என்றான் கொம்பையா. "ஆள் வாரப்போ வீட்டக் கூட்டிப் போடுத மாதிரி."

வடிவு உட்கார்ந்துவிட்டாள். "என்னை ஏமாத்தணும்னு செஞ்சீங்களா? எண்ணு நல்லா வந்தா உங்க குடும்பம் வரும்னு?"

சலேத்தம்மாள்தான் சொன்னாள். "வந்த மனுசிக்கு நல்ல காத்து குடுக்கணும்னு நெனச்சோம். எங்க ஆளுக வரணும்னும் நெனச்சோம். ரெண்டையும் பிரிச்சுச் சொல்லுன்னா எனக்குச் சொல்லத் தெரியாது மேடம்."

வடிவுக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. ஆறு நாள் அளந்ததெல்லாம் குப்பை. மிச்சம் நாலு நாள். அதற்குள் உண்மையான எண் வேண்டும். நேரில் போய் மூச்சுவிட்டுப் பார் என்று விதி எழுதிய பெரிய மனிதர்கள், நேரில் போகிறவள் விருந்தாளி ஆகிவிடுவாள் என்பதை யோசிக்கவே இல்லை. அந்தக் குழுவில் அவளும் இருந்தாள்.

ஜெபக்கனி எல்லாத் திருகுகளையும் முழுக்கத் திறந்து டேப் ஒட்டினார். அன்றே பதினாலு பேர் வண்டிகளில் போய்ப் படுத்தார்கள். கூடாது என்று சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, வேலையை மெதுவாகச் செய்தார்கள். மெதுவாக அசைந்தால் மூச்சு குறைவாக வாங்கும். வேண்டுமென்று செய்தார்களா, உடம்பே அப்படிப் பழகிவிட்டதா, கடவுளுக்கே வெளிச்சம். அவள் அங்கே மேடமாக இருக்கும்வரை அந்த முப்பத்தெட்டு உடம்புகளும் உண்மை சொல்லப்போவதில்லை.

ஏழாம் நாள் காலை விளக்கு எரிந்ததும் வடிவு தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு சலேத்தம்மாள் அறைக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே மூன்று பெண்கள். "நான் கீழே படுத்துக்கறேன்கா. விருந்தாளி ரூமைப் பூட்டிட்டேன்" என்றாள். பிறகு கொம்பையாவோடு வேலைக்குப் போனாள்.

பனி வெட்டத் தெரியாமல் விழுந்தாள். நிலவில் விழுவது மெதுவாகத்தான் நடக்கும், அதனால் எல்லாரும் நிதானமாகப் பார்த்துச் சிரிக்க நேரம் கிடைத்தது. கட்டிகளைத் தவறான பெட்டியில் போட்டாள். திரும்பி வந்து பாத்திரம் தேய்த்தாள், வரிசையில் நின்று தட்டு நீட்டினாள். அன்றும் அவள் தட்டில் மட்டும் மீன் துண்டு விழுந்தது. அதை எடுத்துக் கொம்பையா தட்டில் போட்டாள். அவன் திரும்ப அவள் தட்டில் போட்டான். கடைசியில் சலேத்தம்மாள் அதைப் பிடுங்கிக் குழம்புச் சட்டிக்குள்ளேயே போட்டுவிட்டாள். எட்டாம் நாள் அவள் தட்டில் எல்லாருக்கும் விழுந்ததுதான் விழுந்தது. அன்று அவளை யாரும் மேடம் என்று கூப்பிடவில்லை. கொம்பையா அக்கா என்றான். அவள் விழுந்த விதத்தை நடித்துக் காட்டினான்.

இடுப்பில் கட்டிய மீட்டரை வடிவு மறைவாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழாம் நாள் படுக்கும் நேரத்தில் மூவாயிரத்து நூறு. எட்டாம் நாள் நாலாயிரத்து எண்ணூறு. அவளுக்குக் கிடைத்த மரியாதை குறையக் குறைய எண் ஏறியது. வண்டிகளில் படுத்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்துவிட்டார்கள். பாட்டுச் சத்தம் கேட்டது, சீட்டாட்டத்தில் சண்டை வந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததால் பயம் இன்னும் கூடியது. இதற்கு மேல் ஏறாதே, இங்கேயே நில் என்று மீட்டரிடம் மனசுக்குள் கெஞ்சினாள்.

ஒன்பதாம் நாள் மதியம் பெரிய அண்டாவைக் கழுவிவிட்டு, அலசிய தண்ணீரைக் கைமறதியாகக் கழிவுக் குழாயில் ஊற்றிவிட்டாள். திரும்பச் சுத்தம் செய்து குடிக்க எடுக்கும் குழாய் பக்கத்திலேயே இருந்தது.

"ஏட்டி வடிவு, ஒனக்குக் கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" சலேத்தம்மாள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்தாள். "மூணு பேரு குடிக்கத் தண்ணி அது. ஒங்க சென்னை வீடுன்னு நெனச்சியா, கொண்டு போய்க் கொட்டுததுக்கு? எந்திரி. அங்கிட்டுப் போ. நான் கழுவிக்கிடுதேன்."

வடிவு எழுந்து சுவரோரம் நின்றாள். அம்மா இறந்த பிறகு அவளை யாரும் இப்படித் திட்டியதில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அடுத்த கணமே கை இடுப்பு மீட்டருக்குப் போனது. இன்றைக்கு அளப்பது பொய்யாக இருக்காது.

படுக்கும் நேரத்தில் அறையில் ஆறாயிரத்துத் தொள்ளாயிரம். கூடத்தில் ஐயாயிரத்து நானூறு. பதினோரு அறையையும் சொல்லாமல் கொள்ளாமல் போய் அளந்தாள். "இப்ப என்னக்கா, தூங்க விடு" என்று முனகினார்களே தவிர யாரும் எழுந்திருக்கவில்லை. திரும்பி வந்து கணக்குப் போட்டாள். மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தாள், மூன்றும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. சல்லடை கொஞ்சம் தளர்ந்தாலும் எட்டாயிரத்தைத் தொடக்கூடாதென்றால் பனிக்குழியில் முப்பத்தைந்து பேர்தான் இருக்கலாம். எழுபது இல்லை. இப்போது இருக்கும் முப்பத்தெட்டே அதிகம். வந்து மூன்று வருடம் ஆகாதவர்களில் மூன்று பேர் அவளோடு திரும்ப வேண்டும்.

காலையில் சலேத்தம்மாளிடம் முதலில் சொன்னாள். வேறு யார் வாயிலிருந்தும் அவள் இதைக் கேட்கக்கூடாது என்று நினைத்தாள்.

சலேத்தம்மாள் மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"மொதல்ல அளந்தது இருக்கும்லா, அத அனுப்பேன்." மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுதோம் வடிவு. தலவலி எங்களுக்குப் புதுசா? ரெண்டு சுத்து மூடுத எடத்துல மூணு சுத்து மூடுவோம்."

"எழுபது பேர் இருந்தா எந்தத் திருகை மூடினாலும் பத்தாதுக்கா. ஒரு வாரம் தாங்கும். அப்புறம் தூங்கப் போனவங்க எழுந்திருக்க மாட்டாங்க. பிரகாசியும்தான்."

"அவ சின்னப் புள்ள. அவளுக்கு எம்புட்டுக் காத்து வேணும்?"

வடிவு அவள் கையைப் பிடித்தாள். மாவு ஒட்டியது. "அக்கா, நான் ஏற்கெனவே பத்தொன்பது பேருக்குக் கையெழுத்துப் போட்டவ."

சலேத்தம்மாள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு மறுபடி மாவைப் பிசைந்தாள்.

எண்ணைச் சொன்னபோது நந்தகோபன் சத்தம் போடவில்லை. அவரும் களைத்த மனிதர். "முதல் ஆறு நாள் அளவும் உன் கையால அளந்ததுதானே வடிவு? விதிப்படி செல்லும். எது வேணுமோ அதை அனுப்பு. நான் கேட்க மாட்டேன். முப்பத்தைந்துன்னு அனுப்பினா அந்த இடம் அப்படியே உறைஞ்சு போகும். இருக்கிறவங்க இருக்கிறபடி. புதுசா யாரும் அங்க வர மாட்டாங்க."

"அது நான் விருந்தாளியா இருந்தப்போ அளந்தது சார்" என்றாள் வடிவு.

அவருக்கு அது விளங்கவில்லை. மூன்று வினாடி கழித்து "என்ன?" என்று கேட்டார். அதற்குள் அவள் முப்பத்தைந்து என்று அனுப்பிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

ஜெபக்கனி கூடத்தில் எல்லாரையும் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னார். திரும்பிப் போக வேண்டிய மூன்று பேரை அவர்களே பேசி முடிவு செய்வார்கள் என்றார். யாரும் கத்தவில்லை, யாரும் அழவில்லை. ஒருத்தராவது தன்னைத் திட்டமாட்டார்களா என்று வடிவு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கொம்பையாவின் மனைவியும் கைக்குழந்தையும் அந்த முப்பத்திரண்டு பேரில் இருந்தார்கள். குழந்தையை அவன் இன்னும் பார்த்ததில்லை. வடிவு அருகே போனதும் அவன் எழுந்து நின்றான்.

"உக்காருங்க மேடம்" என்றான்.

அன்று அவளைப் பனி வெட்டக் கூப்பிடவில்லை. பாத்திரம் தேய்க்கப் போனால் ஒரு பெண் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாள், "உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம்?" சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க விடவில்லை. தட்டு மேசைக்கே வந்தது. அதில் மீன் இருந்தது. அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, சுற்றி நின்று வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்கள். சலேத்தம்மாள் அறைக்குப் படுக்கப் போனபோது அங்கே அவள் படுக்கை இல்லை. விருந்தாளி அறைப் பூட்டைத் திறந்து, விரிப்பை மாற்றி, தலையணையைத் தட்டி ஒழுங்காகப் போட்டிருந்தார்கள்.

வடிவு கட்டிலில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தாள். நாலாயிரத்து இருநூறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. மூவாயிரம். இரண்டாயிரத்து ஐந்நூறு. நடைபாதைக்கு ஓடி வந்தாள். முதல் அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள், திருகில் டேப் கிழிந்து தொங்கியது. அடுத்த அறையிலும் அப்படித்தான். ஒரு அறையும் மிச்சமில்லை. பூமிக்குத் திரும்பும் விண்ணோடம் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது.

சலேத்தம்மாள் அறைக் கதவைத் தட்டினாள். அவள் வந்து கதவைப் பாதி திறந்து நின்றாள். உள்ளிருந்து புழுக்கமான காற்று வடிவின் முகத்தில் அடித்தது.

"அக்கா, திருகைத் திறங்கக்கா. எல்லாரும் மூடிட்டீங்க. இது விளையாட்டு இல்ல. என்னைத் திட்டணும்னா திட்டுங்க, நாலு அறை அறைங்க. தயவுசெஞ்சு திறங்க."

சலேத்தம்மாள் முகத்தில் கோபம் இல்லை. முதல் நாள் இருந்த அதே பணிவு இருந்தது.

"ஒங்களப் போய் நாங்க திட்டுவோமா மேடம்? நீங்க போய் நல்லா மூச்சு விட்டுப் படுங்க" என்றாள். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினாள்.

வடிவு நடைபாதையிலேயே நின்றாள். இடுப்பில் மீட்டர் ஆயிரத்து எண்ணூறு காட்டியது. வந்த நாளிலிருந்து இவ்வளவு நல்ல எண்ணை அவள் பார்த்ததில்லை.